நர்சிங் படிப்பு: எந்தக் கல்லூரி, என்ன செலவு, பிறகு என்ன வேலை? – அனுபவப் பகிர்வு

மதுரை, வார்டு பொறுப்புச் செவிலியர்:

பிளஸ் டூ முடிவு வந்ததும் பெற்றோர் என்னிடம் கட்டணத்தைக் கேட்கிறார்கள், சீட் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அந்தக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

எங்கள் வார்டுக்குப் பல கல்லூரிகளிலிருந்து மாணவிகள் போஸ்டிங், அதாவது நேரடிப் பயிற்சிக்கு, வருகிறார்கள். ஒருமுறை, பெரிய கட்டடம் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் இறுதியாண்டு மாணவியிடம் டிரிப் ஊசி போடச் சொன்னேன். "பொம்மைக் கையில்தான் போட்டிருக்கிறேன் சிஸ்டர்" என்றாள். விரல்கள் நடுங்கின. பக்கத்தில் நின்ற இரண்டாம் ஆண்டு அரசுக் கல்லூரிப் பெண் பட்டையைக் கட்டி, "தாத்தா, கையை இறுக்கி மூடுங்கள்" என்று சொல்லி, நரம்பைத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள். இறுதியாண்டுப் பெண்ணும் கெட்டிக்காரிதான். அவள் கைக்கு நோயாளிகள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக லட்சக்கணக்கில் கட்டியிருந்தார்கள். மற்றவளுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் செலவு.

சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம், தேனி என்று அரசு நர்சிங் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் கட்-ஆஃப் ஏறித்தான் நிற்கும். மாநிலக் கலந்தாய்வுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் கணக்கு. ஆனால் புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் ஜிப்மரில் சேர நீட் எழுதியிருக்க வேண்டும். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இதே கலந்தாய்வில்தான் நிரம்புகின்றன. "சீட் முடிந்துவிடும்" என்ற பயத்தில் மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிடாதீர்கள். தயவுசெய்து பொறுத்திருங்கள்.

சேலத்துக்காரர், எய்ம்ஸ் (மத்திய அரசு மருத்துவமனை) ஒன்றில் நர்சிங் ஆபீசர்:

அக்கா சொன்னது முழுக்க உண்மை. நான் ஒரு மிஷன் மருத்துவமனைப் பள்ளியில் மூன்றாண்டு டிப்ளமா படித்தவன். வீட்டில் நான்காண்டு பி.எஸ்சி நர்சிங் பட்டத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. ஆனால் இரவு ஷிப்டுகளில் அங்கே கற்றதுதான் இன்றுவரை சோறு போடுகிறது.

தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது டிப்ளமாவுக்கும் பட்டத்துக்கும் ஒரே பணியிடம்தான். எய்ம்ஸுக்குச் செவிலியர்களை எடுக்கும் நார்செட் தேர்வில் வேறுபாடு உண்டு. பி.எஸ்சி முடித்தவர்கள் நேராக எழுதலாம். டிப்ளமாக்காரர்களுக்குக் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். எனவே டிப்ளமா முடித்து, கிளினிக் ஒன்றில் சேர்ந்து காலத்தைக் கழித்தால் அந்தக் கதவு திறக்காது. தேறிவிட்டால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே இடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கு, 20 விழுக்காடுதான் ஆண்களுக்கு. தங்கைகளைவிட நாம் அதிகம் படித்தே ஆக வேண்டும். ஆசிரியப் பணிக்கோ மேற்படிப்புக்கோ போக நினைத்தால் டிப்ளமா முடித்தவர்களுக்கென்றே பின்னால் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இருக்கிறது.

திண்டுக்கல், ஒரு மாணவியின் அப்பா:

நான் கணக்குப் பார்த்துத்தான் மகளைச் சேர்த்தேன். ஒரு கல்லூரி அலுவலகத்தில் துண்டுச்சீட்டில் கட்டணத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் சீருடை, விடுதி, போஸ்டிங் பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதில் சேரவில்லை என்று தெரிந்தது. கூட்டியபோது தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்சுக்கு மாதம் பதினைந்தாயிரம். அந்தச் சம்பளத்தில் கல்விக் கடனுக்குத் தவணையும் கட்டி, அவள் எதைச் சாப்பிடுவாள்?

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016-இல் சொன்னது என்ன? 50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் போனால் அரசுச் சம்பளத்துக்குச் சமம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. பெண்கள் பதினைந்தாயிரத்துக்கு மூன்று ஷிப்டும் ஓடுகிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

கடைசியில், பக்கத்து மாவட்டத்தில் கூட்டம் வருகிற மருத்துவமனையோடு உள்ள ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் எடுத்தோம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மெஸ் பில்லுக்குக் கை கொடுக்கிறது.

மதுரைச் செவிலியர்:

ஐயா, நல்ல முடிவு. மற்றவர்களும் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், அந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் போய் உட்கார்ந்து பாருங்கள். பிரசவ வார்டு நடக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தையும் சரிபாருங்கள். படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டு எங்களிடமே வேலை பார்க்க வேண்டும் என்று அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.