சாரல் காலத்தில் பனையோலையில் பூஞ்சை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். செங்கோட்டையில் ஞாயிறு மதியம் ஒரு திண்ணையில் கூடிப் பனையோலைக் கூடை முடைகிற பெண்கள் நாங்கள். முடைவதைவிட அரட்டை அதிகம், அது வேறு கதை.

ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் ஓலை காயவே மாட்டேன் என்கிறது. சாயத்தில் கொதிக்கவைத்து நிழலில் போட்ட குருத்தோலை மறுநாளும் பிசுபிசுக்கிறது. முடைந்த கூடையில் மடிப்புக்குள் கரும்புள்ளி வேறு. அடுப்புக்கு மேல் பரண் கட்டி உலர்த்து என்கிறார் ஓர் அக்கா. ஓலை மொறுமொறுத்து ஒடிந்துவிடாதா?

மணப்பாடு, மார்த்தாண்டம் பக்கம் ஓலை வேலை செய்கிறவர்கள் மழையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், சிவப்புச் சாயம் கையில் ஒட்டாமல் இருக்க உப்புப் போடலாமா, படிகாரமா? ஓணத்துக்கு முன்னால் கொல்லத்துக் கடை ஒன்றுக்குப் பூக்கூடைகள் அனுப்ப வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.