சிறிய பயிற்சி அறையில் பங்க் இசைக்குழுவின் ஒலிப்பதிவு: ஸ்னேர் மெலிகிறது, குரல் மைக்கில் சிம்பல் நிறைகிறது

கேள்வி

வணக்கம். நாங்கள் நான்கு பேர் கொண்ட பங்க் இசைக்குழு. வீட்டில் பயிற்சி செய்யும் அறையிலேயே, அனைவரும் ஒரே நேரத்தில் வாசித்து, 8 உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாகப் பதிவு செய்கிறோம். அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், கூரை 2.4 மீட்டர் உயரம். ட்ரம்ஸில் கிக்குக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஸ்னேருக்கும் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள சிறிய ட்ரம்) தனித்தனி மைக், ட்ரம்ஸுக்கு மேலே ஓவர்ஹெட்டாக இரண்டு கன்டென்சர் மைக், கிட்டார் ஆம்ப் முன் எஸ்எம்57 மைக், குரலுக்கு எஸ்எம்58 மைக். பேஸ் கிட்டார் மைக் இல்லாமல் டிஐ பெட்டி வழியாக நேரடியாக வருகிறது. பாடகரின் குரல் அறையிலுள்ள ஸ்பீக்கரிலும் ஒலிக்கிறது.

ஸ்னேர் ட்ராக்கைத் தனியாகக் கேட்டால் கனமாக இருக்கிறது. ஓவர்ஹெட் இரண்டையும் ஏற்றியவுடன் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஆகிவிடுகிறது. குரல் ட்ராக்கை ஏற்றினாலோ சிம்பல்தான் (ட்ரம்ஸின் உலோகத் தட்டு) முன்னே வருகிறது. ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) அதைக் குறைத்தால் சொற்கள் மங்குகின்றன. ஒவ்வொருவராகப் பதிவு செய்து பார்த்ததில் பாட்டின் ஆவேசமே போய்விட்டதால், சேர்ந்து வாசிப்பதைக் கைவிட மனமில்லை. வேறு என்ன செய்யலாம்?

முதல் பதில்

ஈக்யூவைத் தொடுவதற்கு முன் ஓர் அளவு தேவை. ஸ்னேர் தோலின் நடுவிலிருந்து ஒவ்வொரு ஓவர்ஹெட் மைக்கும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்

இடப்பக்கம் 70 செ.மீ., வலப்பக்கம் 104 செ.மீ. வலப்பக்க ஸ்டாண்டு சுவரில் இடிப்பதால் அதை உயர்த்தி வைத்திருக்கிறோம்.

முதல் பதிலளித்தவர்

சிக்கல் அந்த 34 செ.மீ. வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், ஒரே ஸ்னேர் அடி வலப்பக்க மைக்கை ஏறக்குறைய 1 மில்லிநொடி தாமதமாகச் சென்றடைகிறது. இரண்டையும் கூட்டும்போது 500 ஹெர்ட்ஸிலும், பிறகு 1500, 2500 என்ற வரிசையிலும் அலைகள் எதிரெதிராக மோதி ஒன்றையொன்று பலவீனப்படுத்துகின்றன. அப்படிக் குழிவிழுந்த ஒலியை ஈக்யூவால் உயர்த்தினால் இரைச்சல்தான் உயரும்.

ஒரு நூலின் நுனியை ஸ்னேரின் நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அதே நீளத்தில் இரண்டு மைக்குகளையும் நிறுத்தட்டும். பிறகு மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து) கேட்டுக்கொண்டே ஸ்னேர் ட்ராக்கின் போலாரிட்டியை மாற்றி, அதாவது அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். எந்த நிலையில் ஒலி தடிக்கிறதோ அதுவே சரியான நிலை. கிக்குக்கும் இதையே செய்யுங்கள். ஏற்கெனவே பதிவானது வீணாக வேண்டியதில்லை: 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்திருந்தால் வலப்பக்க ட்ராக்கை 48 சாம்பிள்கள், அதாவது 1 மில்லிநொடி, முன்னே நகர்த்தினால் ஸ்னேர் பொருந்திவிடும். ஆனால் கிக்கும் சிம்பல்களும் வேறு தொலைவுகளில் இருப்பதால் அவற்றின் பொருத்தம் மாறும். எது மேல் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பதில்

குரலைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் அந்த ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அனைவரும் ஹெட்போனில் கேளுங்கள். அது ஒலிக்கும் வரை குரல் எல்லா மைக்கிலும் கசியும். எஸ்எம்58 பின்புறத்திலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாக வாங்கும் மைக் என்பதால், பாடகர் ட்ரம்ஸைப் பார்த்து நின்றால் மைக்கின் பின்புறம் சிம்பல்களை நோக்கியிருக்கும். அப்போதும் பாடகருக்குப் பின்னாலுள்ள வெறும் சுவர் சிம்பல் ஒலியைத் திருப்பி மைக்கின் வாய்க்கே அனுப்பும். அங்கே தடித்த கம்பளிகளை மடித்துத் தொங்கவிடுங்கள். பங்க் பாடகர்கள் பலர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும்.

கூரையும் தாழ்வானது. ஓவர்ஹெட்டுகளுக்கு மேலே, துணி சுற்றிய 10 செ.மீ. தடிமனுள்ள கனிமக் கம்பளிப் பலகை ஒன்றைப் பாதுகாப்பாகப் பொருத்தினால் சிம்பலின் எரிச்சல் வெகுவாகத் தணியும். முட்டை அட்டைகளை ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள். அவை மெலிந்தும் இலேசாகவும் இருப்பதால் இதற்குப் பயன்படா.

கேட்டவர்

பாடகர் தனியாகப் பாடினால் சோர்ந்துவிடுவார் என்பதே எங்கள் தயக்கம். குழுவோடு பாடிய குரலையே வைத்துக்கொள்ள முடியுமா?

இரண்டாம் பதிலளித்தவர்

கசிவு குறைந்தால் முடியும். இருந்தாலும் அதை வழிகாட்டிக் குரலாகவும் கருதி, டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவு செய்வது) முடிந்த கையோடு, உடம்பின் சூடு ஆறுவதற்குள், அதே மைக்கைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள். மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால்தான் நீங்கள் அஞ்சும் சோர்வு வரும். 24 பிட்டில் பதிவு செய்கையில் உச்ச அளவு −12 டெசிபெல் (0 என்பதே மேல் வரம்பு) அருகில் இருந்தாலே போதும். கத்தலுக்கு இடம் இருக்கும்.

கேட்டவர்

நூல் பிடித்து அளந்து வைத்ததில் ஸ்னேர் மோனோவிலும் கனமாகவே ஒலிக்கிறது. குரலிலும் சிம்பல் பெருமளவு அடங்கிவிட்டது. பாதி திறந்த ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) மட்டும் ஸ்னேர் மைக்கில் இன்னும் பலமாகக் கேட்கிறது.

முதல் பதிலளித்தவர்

ஸ்னேர் மைக்கின் பின்புறம் ஹை-ஹேட்டை நோக்கும்படித் திருப்புங்கள். அதற்குமேல் மீதியிருப்பது ட்ரம்மரின் கையில்தான்: ஹை-ஹேட்டை மெதுவாகவும் ஸ்னேரை ஓங்கியும் அடித்து ஒரு டேக் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.