இன்சுலின் ஏற்ற ஏற்ற சுகர் இறங்கவில்லை, ஆன்டிபாடி காரணமாக இருக்குமா?

கேள்வி:
அப்பாவுக்கு 68 வயது, டைப் 2, ஒன்பது வருடமாக இன்சுலின். நாலு மாதத்தில் டோஸ் 60 யூனிட்டிலிருந்து 140க்கு வந்துவிட்டது. சாப்பிட்டபின் 380, ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டி எழுந்திருக்கிறார், குத்திப் பார்த்தால் 52. ஒரே ஆளுக்கு ரெண்டும் எப்படி? டாக்டர் இன்சுலின் ஆன்டிபாடி டெஸ்ட் எழுதியிருக்கிறார். முன்பு எடுத்த ஜிஏடி டெஸ்ட்தானா இது?

பதில் 1:
இல்லை, அது வேறு. ஜிஏடி என்பது கணையத்தை உடம்பே தாக்குகிறதா என்று பார்ப்பது. இது, போடுகிற இன்சுலினையே பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று பார்ப்பது. அழிக்காது, பிடித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் போட்டது வேலைக்கு வராது, அப்புறம் நடுராத்திரியில் பிடி தளர்ந்து வெளியே வந்தால் சுகர் தடாலென்று இறங்கும். அந்த 52ஐ டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், நீங்களாக டோஸை ஏற்றாதீர்கள்.

பதில் 2:
அதற்கு முன்னால் வயிற்றைத் தடவிப் பார்த்தீர்களா? நான் வருடக்கணக்காகத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்தி, ரப்பர் மாதிரி கட்டியாகிவிட்டது. வலிக்காது, அதனாலேயே அங்கேயே குத்தத் தோன்றும், ஆனால் மருந்து சரியாக ஏறாது. இடத்தை மாற்றினால் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபாடியால் இந்த அளவுக்குத் தொல்லை வருவது அபூர்வம்.

பதில் 3:
மாடு, பன்றியிலிருந்து எடுத்த இன்சுலின் போட்ட காலத்தில் ஆன்டிபாடி உண்டாவது சகஜம், ஒரு நாளைக்கு 200 யூனிட்டுக்கு மேல் போனால்தான் ரெசிஸ்டன்ஸ் (இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத நிலை) என்றே அப்போது கணக்கு. 1982இல் மனித இன்சுலின் அனுமதி பெற்று வந்தபின் குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. இன்சுலின் போடுகிற பலருக்கு லேசாக ஆன்டிபாடி இருக்கும், ஒன்றும் செய்யாது, எனவே பாசிட்டிவ் என்றதும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். டைப் பி இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்று இன்னொன்று உண்டு, அதில் ஆன்டிபாடி ஒட்டுவது இன்சுலினில் அல்ல, இன்சுலின் வந்து ஒட்ட வேண்டிய, செல்லில் இருக்கும் ரிசெப்டரில். கழுத்து, அக்குள் கறுத்துத் தடிக்கும், எடை இறங்கும், பெரும்பாலும் லூபஸ் போன்ற, உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோயோடு வரும். அதற்கு ரிட்டுக்சிமாப் மாதிரி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் கொடுக்கிறார்கள்.

கேட்டவர்:
கழுத்தில் கறுப்பு இல்லை. வயிற்றில் இடது பக்கம் எலுமிச்சை அளவுக்குக் கட்டி தட்டுப்படுகிறது, "அங்கே குத்தினால் உறுத்தாதுடா" என்கிறார்! ரத்தம் கொடுத்தாச்சு, நாளைக்கு டாக்டரிடம் கட்டியையும் காட்டுகிறோம்.