"ஹாய் கைஸ்" என்று பெண்களைக் கூப்பிடலாமா?

கோவை_செல்வி:
எங்கள் டீமில் எல்லோரும் பெண்கள். சிகாகோவில் இருக்கும் மேனேஜரும் பெண்தான். தினமும் கால் தொடங்கும்போது "ஹாய் கைஸ்" என்பார். புதிதாகச் சேர்ந்த பெண், "கை என்றால் ஆம்பளைதானே அக்கா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நானும் மெயிலில் எழுதலாமா?

பழைய_டிரெய்னர்:
கால் சென்டரில் பல வருஷம் ஆங்கிலம் பேசப் பழக்கியவன் நான். எல்லா பேட்சிலும் யாராவது இதைக் கேட்பார்கள். அமெரிக்கர்களிடம் பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். மெயிலில் வேண்டாம், "ஹாய் ஆல்" போதும்.

கதைதான் சுவாரசியம். 'கை' முதலில் ஓர் ஆளின் பெயர். கை ஃபாக்ஸ், யார்க் நகரத்துக் கத்தோலிக்கர். 1605 நவம்பரில் லண்டனில் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு சிக்கினார். புராட்டஸ்டன்ட் மன்னர் முதலாம் ஜேம்ஸ் சபையைத் தொடங்கிவைக்க வரும்போது வெடிக்கத் திட்டம். சதிக்குத் தலைவர் ராபர்ட் கேட்ஸ்பி. ஆனால் கையும் களவுமாக மாட்டியவர் இவர், அதனால் இவர் பெயரே நிலைத்தது. பிடிபட்டதும் தன் பெயர் 'ஜான் ஜான்சன்' என்று சொன்னார். அந்தப் பொய் எடுபட்டிருந்தால் உங்கள் மேனேஜர் இன்று "ஹாய் ஜான்சன்ஸ்" என்பாரோ என்னவோ!

மன்னர் தப்பியதைக் கொண்டாட, அதற்கப்புறம் ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று நம் ஊர் சொக்கப்பனை மாதிரி தீ மூட்டினார்கள். பழைய துணியில் வைக்கோல் திணித்துப் பொம்மை செய்து அதில் எரிப்பார்கள். காலப்போக்கில் அந்தப் பொம்மைக்கும் 'கை' என்றே பெயர். 1830களில் பார்த்தால், கோமாளித்தனமாக உடுத்தித் திரிபவனையும் அப்படிக் கேலி செய்தார்கள்.

அமெரிக்காவில் கதை மாறியது. பாஸ்டனில் இந்த நாளை 'போப் டே' என்று, போப்பின் பொம்மையை எரித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 1775ல் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படையில் அதைத் தடை செய்தார். பிரிட்டனை எதிர்த்துப் புரட்சி நடந்த சமயம், கனடாவின் கத்தோலிக்கர்களைப் பகைத்துக்கொள்ள முடியாத நேரம். புரட்சிக்குப் பின் பண்டிகையே மங்கிவிட்டது. பொம்மை கண்ணில் படாத ஊரில் கேலியும் உதிர்ந்து, 'ஆள்' என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது என்பது என் கணிப்பு.

பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? ஆங்கிலத்தில் ஒருமைக்கு இருந்த 'தௌ' வழக்கொழிந்து, ஒருவருக்கும் பலருக்கும் 'யூ' ஒன்றே ஆனது. பலரைக் கூப்பிடத் தனியாக ஏதாவது வேண்டுமே! அமெரிக்கத் தெற்கில் 'யால்', பிட்ஸ்பர்கில் 'யின்ஸ்', மற்ற பல இடங்களில் 'யூ கைஸ்'. கூட்டமாகக் கூப்பிடும்போதுதான் ஆண் பெண் பேதம் இல்லை. ஒருமையில் இன்றும் ஆண்தான். உங்கள் டீம் பெண் "ஐ மெட் எ கை" என்று வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும், கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

லீட்ஸ்_நர்ஸ்:
இங்கே இங்கிலாந்தில் நவம்பர் 5க்கு இப்போது வாணவேடிக்கைதான் அதிகம், பொம்மை அபூர்வம். சின்ன வயதில் பொம்மையைத் தள்ளுவண்டியில் வைத்து "எ பென்னி ஃபார் த கை" என்று காசு கேட்டதை வார்டில் வயதானவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். யார்க்கில் ஃபாக்ஸ் படித்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் மட்டும் பொம்மையை எரிப்பதில்லை. பழைய மாணவர் ஆயிற்றே!

டிரெய்னர் அண்ணா, 'தாராளமாக' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வார்டில் பெண் டாக்டர்கள் சிலருக்கு 'கைஸ்' பிடிக்காது. நான் 'எவ்ரிபடி' என்றே சொல்கிறேன்.

கோவை_செல்வி:
இருவருக்கும் நன்றி. டென்ட் கட்டும் 'கை ரோப்' கூட இவர் பெயரா?

பழைய_டிரெய்னர்:
இல்லை, அது வேறு. ஃபாக்ஸ் பிறப்பதற்கு முன்பே கப்பல்காரர்களிடம் இருந்த சொல். நீங்கள் உஷாராக இருக்க வேண்டியது 'வைஸ் கை'. புத்திசாலி என்று நினைத்து யாரையும் அப்படிப் பாராட்டிவிடாதீர்கள், அதற்கு அதிகப்பிரசங்கி என்று அர்த்தம். அமெரிக்க மாஃபியா கும்பலில் சேர்ந்தவனுக்கும் அதுதான் பெயர்.