மைஃபோர்ட் எம்.எல்.7 லேத்: ஸ்டாண்ட் மரத்திலா, இரும்பிலா?

ஹட்டன் பட்டறை:
பழைய எம்.எல்.7 லேத் (கடைசல் மிஷின்) ஒன்று வருது, ஸ்டாண்ட் இல்லை. சீமெந்துத் தரை, ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. டர்பன்டைன் மரத்தில் மேசை அடிக்கலாமா, சனல் (ப வடிவ) இரும்பில் வெல்டிங் பண்ணுறதா? உயரம் எவ்வளவு வைக்கலாம்? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்க.

பண்டாரவளை ஃபிட்டர்:
இரும்புதான் தம்பி. பாரத்தை மரமும் தாங்கும். ஆனா உங்க பக்கத்து மழைக்கு மரம் வீங்கும், பெப்ரவரி, மார்ச் வெயிலுக்குச் சுருங்கும். பலகை முறுகினா லேத்தின் பெட்டும் (நீள அடிப்படுக்கை) சேர்ந்து முறுகும், கடையுற வேலை எல்லாம் கூம்பாத்தான் வரும்.

நீளவாக்கில் 100×50 மி.மீ. சனல் இரண்டு போடுங்க. காலுக்கு 50×50 பொக்ஸ் பார், 3 மி.மீ. கனம். இந்த லேத்தில் மோட்டர் ஹெட்ஸ்டொக்குக்கு (வேலையைச் சுழற்றுற இடது பக்கப் பகுதி) பின்னால நிற்கும், அதனால பின்கால்களை நல்லா வெளியே தள்ளி வைங்க. லேத்தின் கால் உட்காருற இடத்தில மட்டும் 12 மி.மீ. தகடு. வெல்டிங் முழுக்க முடிஞ்சு ஆறின பிறகே அதில ஓட்டை போடணும், இல்லாட்டி சூட்டில இழுத்து ஓட்டை விலகிடும். தரைச் சரிவுக்கு ஒவ்வொரு கால் அடியிலும் எம்16 நட் வெல்ட் பண்ணி, போல்ட்டைத் திருகி மட்டம் பிடிங்க.

நிமிர்ந்து நின்று கையை மடக்கினா முழங்கை எந்த உயரமோ, ஸ்பிண்டில் (சுழலுற தண்டு) மையம் அங்க வரணும். எண்ணெய்த் தட்டின் உயரத்தையும் கழிச்சிட்டுக் காலை வெட்டுங்க.

தலவாக்கலை மிஷின் ஷொப்:
எவ்வளவு கனமான ஸ்டாண்டா இருந்தாலும் போல்ட் இறுக்குறதிலேயே பெட் முறுகலாம். ஹெட்ஸ்டொக் பக்கத்தை முதல்ல இறுக்குங்க. டெயில்ஸ்டொக் (எதிர்முனைத் தாங்கி) பக்கம் டயல் கேஜை (நுண் அசைவு காட்டுற அளவி) ஸ்டாண்டில நிறுத்தி, முள்ளை லேத்தின் கால்மேல வைத்து ஒவ்வொரு போல்ட்டா இறுக்குங்க. முள் 0.02 மி.மீ.க்கு மேல ஓடினா அடியில இடைவெளி இருக்கு. அந்த அளவுக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைங்க, போல்ட்டால இழுத்து ஒட்ட வைக்காதீங்க.

ஹட்டன் பட்டறை:
மேசன் ரசமட்டம் போதுமா அண்ணே?

தலவாக்கலை மிஷின் ஷொப்:
ஸ்டாண்டுக்குப் போதும், பெட்டுக்குப் போதாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுற மட்டம் கிடைக்காட்டி கடைஞ்சே பாருங்க. 25 மி.மீ. உருட்டுக் கம்பியை சக்கில (ஸ்பிண்டில் முனையில இருக்கிற பிடிப்பான்) பிடிச்சு 120 மி.மீ. வெளியே விடுங்க, டெயில்ஸ்டொக் முட்டுக் கொடுக்க வேண்டாம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் விட்டு நடுவைக் குறைச்சிடுங்க. டூலை அசைக்காம இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில மெல்லிசா சீவி, மைக்ரோமீட்டரால அளங்க. வெளி வளையம் பெரிசுன்னா டெயில்ஸ்டொக் பக்க முன்காலுக்கு ஷிம் கூட்டுங்க. சிறிசுன்னா பின்காலுக்கு. ஒவ்வொரு ஷிம்முக்கும் பிறகு திரும்பக் கடைஞ்சு அளக்கணும்.

பண்டாரவளை ஃபிட்டர்:
இன்னொன்று. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீங்க, பனிக்காலக் காலையில உள்ளுக்கே வியர்த்து பெட்டில துரு பிடிக்கும். எண்ணெய் நனைச்ச பருத்தித் துணி நல்லது. கழிவு என்ஜின் எண்ணெய் மட்டும் வேண்டாம், அதில அமிலம் இருக்கு.