அடுத்தவர் பாட்டைப் பக்கத்தில் வைத்து மிக்ஸ் செய்வது சரியா?

மாடியறை:
போன மாதம் வீட்டில் ஒரு பாட்டை மிக்ஸ் செய்தேன், அதாவது தனித்தனியே பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்த்தேன். பேஸ் கும்மென்று இருக்கிறதே என்று குறைத்துக்கொண்டே வந்தேன். காரில் போட்டால் சப்பென்று இருந்தது. என் அறை பத்துக்குப் பத்தடி, நாற்காலி சுவரோரம். அந்த அளவு அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள பேஸ் ஒலி தேங்கி வீங்கும். அப்புறம் நன்றாக மிக்ஸ் செய்த ஒரு பாட்டை அதே நாற்காலியில் கேட்டேன். அதுவும் கும்மென்றுதான் இருந்தது! இப்போது இப்படி ஒப்பிட்டுக் கேட்க ஒரு பாட்டு, அதாவது ரெஃபரன்ஸ், இல்லாமல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடுவதில்லை.

கும்கி:
எனக்கு நேர்மாறு. குரல், மிருதங்கம், தம்புரா மட்டும் உள்ள பதிவு. பளபளக்கும் சினிமாப் பாட்டோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு ட்ரெபிளை ஏற்றினேன். காலையில் கேட்டால் 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் கிழித்தது. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற குழைந்த நாதம் காணாமல் போயிருந்தது. அடுத்தவர் அளவுச் சட்டையை நம் பாட்டுக்கு மாட்டக் கூடாது.

மாடியறை:
ரெஃபரன்ஸின் சத்தத்தை இறக்கினீர்களா?

கும்கி:
இல்லை, அப்படியே இழுத்துப் போட்டேன்.

மாடியறை:
அங்கேதான் கோளாறு. மாஸ்டரிங் என்ற கடைசி மெருகு முடிந்த பாட்டு நம் மிக்ஸைவிட 8, 10 டெசிபல்கூட உரக்க இருக்கும். சத்தம் கூடினாலே பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டியது இது. நீங்கள் துரத்திய பளபளப்பில் பாதி வெறும் சத்தம். ரெஃபரன்ஸின் சத்தத்தை இறக்கி, உங்கள் மிக்ஸ் முழுதும் கடைசியில் போகும் மாஸ்டர் தடத்தில் உள்ள, உச்ச சத்தத்தை அடக்கும் லிமிட்டர் வழியே போகாமல் நேரே வெளியே அனுப்புங்கள்.

ஒலிப்பேழை:
ரெஃபரன்ஸுக்கு 128 கேபிபிஎஸ் எம்பி3யும் வேண்டாம். அதில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள உச்ச ட்ரெபிளில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. சிடியிலிருந்து எடுங்கள்.

கும்கி:
சரி, இறக்கிக் கேட்டேன். 'ஸ' விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. இந்த முறை ஒரு கச்சேரிப் பதிவை வைத்தேன். ஆனால் அந்த மிருதங்கம் ஐந்து கட்டை சுருதி, என்னுடையது ஒரு கட்டை, தக்கு, அதாவது தாழ்ந்த சுருதி. அதன் இக்யூ, அதாவது பேஸ், ட்ரெபிள் அளவுகள், இதற்கு எப்படிப் பொருந்தும்?

மாடியறை:
பொருந்தாது. இக்யூவை விடுங்கள். குரல் எவ்வளவு முன்னால், மிருதங்கம் எவ்வளவு பின்னால் என்று மட்டும் கேளுங்கள். பத்து விநாடி போதும்.

கும்கி:
அதற்குச் சம்மதம். ஆனாலும் முதல் மிக்ஸ் என் காதை நம்பித்தான்; ரெஃபரன்ஸ் மறுநாள் காலையில். இன்று அப்படிக் கேட்டதில் தம்புராதான் இரண்டு டெசிபல் கூடுதல் என்று தெரிந்தது. இறக்கினேன். கும்கி திரும்பக் கேட்கிறது.