எம்.2 எஸ்எஸ்டி ஸ்குரூ இறுகிப்போச்சு, திருகோணமலையில் ஆராவது உதவுவீங்களா?

வணக்கம். லப்டொப் ஒன்றில் எஸ்எஸ்டியை (தரவு சேமிக்கிற சின்ன அட்டை) பிடிச்சிருக்கிற எம்2 ஸ்குரூ, 2 மி.மீ. தடிப்பு, 3 மி.மீ. நீளம், அசையவே இல்லை. உப்புவெளியில் கடற்கரையோரம் பாவிச்ச மெஷின், தலையைச் சுத்தி மண்ணிறத் துரு. கழட்டின மற்ற ஸ்குரூக்களின் புரியில், தானாக் கழராமல் இருக்கப் பூசுற நீலப் பசையும் இருந்தது.

பிழை பிஎச்00 அளவு கூட்டல் (+) நுனி ஸ்குரூட்ரைவர் போட்டதில்தான். நுனி சின்னன், பள்ளத்துக்குள் ஆடிச் சுவரைச் சுரண்டிப்போட்டுது. பிறகு ஒரு அளவு பெரிய பிஎச்0, நடுவில ரப்பர் பேண்ட் வைச்சு அமத்தியும் வழுக்குது. பற்றரி வயரைக் கழட்டிப்போட்டு, ஈய அயனின் நுனியைத் தலையில் மட்டும் 15 செக்கன் வைச்சும் பார்த்தாச்சு. பசை கொஞ்சம் இளகினது, தலை ஒரு மயிரிழைதான் திரும்பினது.

டிரெமலால் (கையில் பிடிக்கிற சின்னச் சுழல் வெட்டு மெஷின்) தலையில் கோடு வெட்டப் பயமாக்கிடக்கு. இரும்புத்தூள் போர்ட்டில் விழுந்தால் ஷோர்ட் ஆகும். இன்னொரு கவலை: கீழேயுள்ள பித்தளைத் தாங்கி போர்ட்டில் ஈயத்தால் ஒட்டினது. பலவந்தமா முறுக்கினால் அது போர்ட்டின் செப்புத் தடத்தோட பிடுங்கிக்கொண்டு வரும்.

ரவுணுக்குள்ள ஆரிட்டயாவது 1 மி.மீ. இடதுகைப் புரி டிரில் பிட் (கழட்டுற பக்கமாச் சுத்தித் துளைக்கிறது) இருக்கா? இல்லாட்டி தலையைப் பக்கவாட்டில் கவ்வுற, நுனியில் நெடுக்குப் பல் வெட்டின சின்னக் குறடு? தலை 1 மி.மீ. அளவுக்கு வெளியே நிக்குது, கவ்வ இடமிருக்கு. வாடகைக்கெண்டாலும் சரி, சொல்லுங்கோ.